லவுஞ்சில் ஒரு காலித் தட்டு

திருச்சி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, கழற்றிய பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, மாடியேறி இடது கைப்பக்கம் திரும்பினால் வருகிற பொன்னி லவுஞ்சில், ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, சிங்கப்பூர் போகவிருந்த நகைக்கடை முதலாளி ஒருவர் பஃபேயிலிருந்து இரண்டு கரண்டி பாஸ்தாவும் ஒரு துண்டு பழக் கேக்கும் எடுத்துக்கொண்டு போய், கண்ணாடியோரத்து சோபாவில் சாய்ந்து, முதல் வாய்க்காகக் குனிந்தபோது தட்டில் பழைய சோறும் உரித்த சின்ன வெங்காயம் நாலும் இருந்தன.

அவர் தட்டைப் பார்த்தார், பஃபேயைப் பார்த்தார், பிறகு தட்டை ஏந்தியபடியே வாசல் மேசைக்கு வந்தார். அங்கே பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்பதுதான் எட்டு வருடமாக அவள் வேலை. கார்டை மெஷினில் தேய்ப்பாள். பச்சை விளக்கு எரிந்தால் “வாங்க சார்”, சிவப்பு எரிந்தால் “மன்னிக்கணும் சார்”. தங்கக் கார்டு, பிளாட்டினம் கார்டு, அதற்கும் மேலே ஏதோ ஒரு கறுப்புக் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மரியாதை உண்டு. சாய்வு நாற்காலி எல்லாருக்கும் உண்டு, வெந்நீர்க் குளியல் சிலருக்குத்தான், மசாஜ் நாற்காலி கறுப்புக் கார்டுக்காரர்களுக்கு மட்டும். இத்தனையும் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் இப்படி ஒரு தட்டுக்கு என்ன சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

“என்னம்மா இது?”

“பழைய சோறு மாதிரி இருக்கு சார்.”

“அது எனக்கும் தெரியுது. இது எங்க வீட்டுச் சோறு. என் சம்சாரம் வெங்காயத்தை இப்படித்தான் வால் விட்டு உரிக்கும். இது எப்படி இங்க வந்துச்சு?”

அவர் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். போன் எடுத்த அம்மாள், இவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே, நான் கலந்து வச்ச சட்டியில ஒரு கை குறையுது, வீட்டுல பூனைகூடக் கிடையாது, நீங்க போய் அரை நாள்கூட ஆகல, அதுக்குள்ள இப்படி என்று சத்தம் போட்டார். முதலாளி போனை வைத்தார். சோபாவுக்குத் திரும்பிப் போய், டையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார்.

அன்று மதியத்துக்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. யார் தட்டை எடுக்கிறாரோ, அவர் வீட்டு அடுப்படியில் அந்த நேரம் என்ன இருக்கிறதோ அது தட்டில் வந்துவிடும். நாம் என்ன போட்டுக்கொண்டாலும் சரி, ஒரு மூச்சு விடும் நேரம்தான், போட்டது போய் வீட்டுச் சாப்பாடு உட்கார்ந்துகொள்ளும். மேனேஜர் கிரிதரன் தட்டுகளை மாற்றிப் பார்த்தார். பீங்கானை எடுத்துவிட்டு எவர்சில்வர் வாங்கினார், எவர்சில்வரை எடுத்துவிட்டு வாழையிலை போட்டார், வாழையிலையில் ஒரு ஐ.டி. பையனுக்கு ஓட்ஸ் கஞ்சி வந்து நாலா பக்கமும் ஓடியதுதான் மிச்சம். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சோதனை போட வந்தார்; அவர் தட்டில் வெண்டைக்காய்ப் பொரியல் வந்தது; முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அரைமணி நேரம் யோசித்து, எழுதாமலே போய்விட்டார்.

பஃபேயைப் பார்த்துக்கொள்கிற சமையல்காரர் தனராஜுக்குத்தான் முதலில் ரோஷம் வந்தது. இருபது வருடம் அடுப்பில் வெந்தவர். “நான் பன்னீர் பட்டர் மசாலா பண்ணி வைக்கறேன், அது ஆளுக்கு ஆளு ரசமாப் போகுது. அப்ப நான் எதுக்கு?” என்று கேட்டார். ஆனால் தட்டில் ஏதாவது போட்டால்தான் அது மாறியது, வெறும் தட்டு வெறும் தட்டாகவே இருந்தது. அதனால் அவர் தினமும் சமைக்கத்தான் வேண்டியிருந்தது. போகப் போக நாலு இட்லியும் ஒரு சட்னியும் மட்டும் செய்து வைத்துவிட்டு, பேப்பர் படிக்கப் பழகிக்கொண்டார்.

ஊரும் பழகிக்கொண்டது. நம் ஊர் எதற்குத்தான் பழகாது! உறையூரில் பெண் பார்த்த ஒரு குடும்பம், பெண் வீட்டில் உண்மையிலேயே என்னதான் சமைக்கிறார்கள் என்று பார்க்க, பெண்ணின் தம்பிக்குச் சென்னைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து லவுஞ்சில் சாப்பிடவைத்தது. ஒரு கட்சிக்காரரின் தட்டில் நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு பாதி சாம்பாரும் மறு பாதி அயிரை மீன் குழம்பும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, “நம்ம வீட்டுல இன்னிக்கு சாம்பார்தானே?” என்று மெதுவாகக் கேட்டார். அந்த விமானத்தில் மனைவி மட்டும் ஏறினார். காவி கட்டிய சாமி ஒருவர், வீடு வாசல் துறந்து முப்பது வருடமானவர், தட்டில் தக்காளி ரசம் வந்ததைப் பார்த்து, இது அக்கா வைக்கிற ரசம் என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார். சீடர்கள் அதைப் பிரசாதம் என்று சொல்லி ஆளுக்கு ஒரு சொட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இதில்தான் குழப்பம் ஆரம்பித்தது. எது வீடு என்பதை யார் முடிவு செய்வது? கல்யாணமாகி ஆறு மாதமான பெண்ணுக்கு மாமியார் வீட்டுக் குழம்பு வராமல் அம்மா வீட்டுக் குழம்பு வந்தது. மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! விவாகரத்து ஆன ஒருவருக்கு, கோர்ட்டில் பிரிந்து நாலு வருடமான மனைவியின் எள்ளுத் துவையல் வந்தது. அவர் அதைப் பொட்டலமாகக் கட்டித் தரமுடியுமா என்று கேட்டார். கார்டு யாருடையது, வாக்காளர் அட்டையில் எந்த விலாசம், ரேஷன் எங்கே வாங்குகிறீர்கள் என்றெல்லாம் தட்டு கேட்கவில்லை. அது தன் போக்கில் ஒரு வீட்டைப் பார்த்துப் போட்டது. அது சரியா தப்பா என்று கேட்டால், சாப்பிட்டவர்கள் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

பங்குனி கடைசியில் முதல் காலித் தட்டு வந்தது. செந்துறைப் பக்கத்து வெல்டர் ஒருவர், ஷார்ஜாவுக்குப் போகிறவர், டெபிட் கார்டிலேயே லவுஞ்ச் உண்டு என்று யாரோ சொல்ல, பயந்து பயந்து உள்ளே வந்தவர், இரண்டு இட்லியைத் தட்டில் வைத்தார். இட்லி போயிற்று, ஒன்றும் வரவில்லை. தட்டு வெள்ளையாக இருந்தது. அவர் தட்டைத் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போன் போட்டார். அவரை வழியனுப்பிவிட்டு வீட்டுக்குள் போன அவர் அம்மா, அப்போதே கீழே விழுந்து போய்ச்சேர்ந்திருந்தார். பயணம் கெடவேண்டாம் என்று வீட்டார் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, இருக்கிற சோற்றையும் எடுத்துக் கொட்டிவிடுவார்கள், அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பதுதான் வழக்கம். அது அந்தத் தட்டுக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு காலித் தட்டு என்றால் லவுஞ்சே நடுங்கியது. மேனேஜர் கிரிதரன் ஒரு சுற்றறிக்கை போட்டார்: தட்டு காலியாக வருகிற பயணிக்கு, எந்தக் கார்டாக இருந்தாலும், மசாஜ் நாற்காலி இலவசம், ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர், போன் செய்ய ஆள் துணை, வீடு திரும்ப உடனடி ஏற்பாடு. ஆனால் எல்லாக் காலித் தட்டும் சாவு இல்லை. வைகாசியில் ஒருவருக்குக் காலியாக வந்தது. அவர் மனைவிக்கு அன்று விரதம், அவ்வளவுதான். இன்னொருவர் வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இந்த இரண்டுமில்லாமல் மூன்றாவதாக வேதாசலம் என்று ஒருவர் இருந்தார். மருந்துக் கம்பெனியில் பெரிய அதிகாரி, கறுப்புக் கார்டு, வாராவாரம் வியாழக்கிழமை வருவார். வாராவாரம் அவர் தட்டு காலிதான். முதல் தடவை பூங்கோதை சர்க்கரைத் தண்ணீரோடு ஓடினாள்.

“பதற வேணாம்மா” என்றார் அவர். “எனக்கு யாரும் சாகல. எனக்கு ஆளே கிடையாது.”

பிறகு காலித் தட்டின் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிட்டவர் மாதிரியே கை கழுவிக்கொண்டு போனார். ஒவ்வொரு வியாழனும் அப்படித்தான் செய்தார். பூங்கோதை அந்தப் பத்து நிமிடமும் அவர் பக்கம் திரும்பமாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. பூங்கோதை துறையூர்ப் பெண். அப்பா நடேசன் அந்த ஊர்த் தபால்காரர். பத்து வருடத்துக்கு முன்னால் அவள் டாக்சி ஓட்டுகிற சகாயராஜைக் கல்யாணம் செய்துகொண்டு போனபோது, நடேசன் கத்தவில்லை, அடிக்க ஆள் அனுப்பவில்லை. துறையூர்ப் பெரிய ஏரிக்கு நடந்து போய், செத்தவர்களுக்கு முழுகுவதுபோல் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து, எனக்கு மகள் இல்லை என்று சொல்லிவிட்டுத் தபால் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவள் அம்மாவுக்கு ஆறு கடிதம் எழுதினாள். ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர், அந்த ஆறையும் ‘வாங்க மறுப்பு’ என்று தன் குண்டு குண்டு எழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். ஏழாவதை அவள் எழுதவில்லை.

அதனால்தான் அவள் தட்டைத் தொடவில்லை. லவுஞ்ச் ஊழியர்கள் லவுஞ்ச் சாப்பாட்டில் கைவைக்கக்கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. அந்த விதி அவளுக்கு வசதியாக இருந்தது. தட்டில், ஒன்று தன் வீட்டுச் சாப்பாடு வரும், அல்லது துறையூர்ச் சாப்பாடு வரும், இரண்டும் வராவிட்டால் வேதாசலத்துக்கு வந்தது வரும். இந்த மூன்றாவதை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாகூடத் தன்னை மனதிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால்? அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? கட்டின டிபன் பாக்ஸைப் பின்பக்க வராந்தாவில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, தன் பாட்டுக்குக் கார்டு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் ஒரு நாள் டிபன் பாக்ஸை வீட்டிலேயே மறந்துவிட்டாள்.

விடிகாலையில் எலுமிச்சை சாதம் கிளறி, டப்பாவில் அடைத்து, அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். பதினோரு மணிக்குப் பசி காதை அடைத்தது. கூட்டமில்லை. தனராஜ் பேப்பரை மடித்து வைத்தார்.

“ஒரு தட்டு எடு தங்கச்சி. உன் எலுமிச்சை சாதம்தானே வரப்போகுது. உன் சோத்தை நீ திங்கறதுக்கு மேனேஜர் என்ன சொல்லுவாரு?”

அது நியாயமாகப் பட்டது. அடுப்பு மேடையில் டப்பா இருப்பது உறுதி. பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தட்டை எடுத்து, இரண்டு இட்லி வைத்தாள். ஒரு மூச்சு விட்டாள். இட்லி போயிற்று. எலுமிச்சை சாதம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

பூங்கோதை தட்டை மேசையில் வைத்தாள். துறையூர் நம்பருக்குப் போன் போட்டாள்; பத்து வருடமாகப் போடாத நம்பர், மனப்பாடமாக இருந்தது. மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் நின்றது.

அவளுக்கு அப்போது வந்த கஷ்டத்தை எப்படிச் சொல்வது? சாமியை வேண்டிக்கொள்ளலாம் என்று கையைக் கூப்பினாள். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது என்று வேண்டினால், எனக்கு வீடே இல்லை என்று ஆகட்டும் என்று வேண்டுவதாகிவிடுகிறது. எனக்கு ஒரு வீடு இருக்கவேண்டும் என்று வேண்டினால், அந்த வீட்டில் பிணம் கிடக்கட்டும் என்று வேண்டுவதாகிவிடுகிறது. சீ, என்ன பிறவி நான் என்று நினைத்தாள். கூப்பிய கையைக் கீழே போட்டாள். மறுபடி கூப்பினாள்.

மேனேஜர் கிரிதரன் ஓடிவந்தார். காலித் தட்டு வந்தவரை உடனே அனுப்பிவைக்கவேண்டும் என்பது அவர் போட்ட விதி, ஊழியர் தட்டைத் தொடக்கூடாது என்பதும் அவர் போட்ட விதி. இரண்டு விதிக்கும் நடுவில் சற்று நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டு, பதிவேட்டில் “தலைவலி” என்று எழுதி, “நீ கிளம்பும்மா” என்றார்.

சகாயராஜ் டாக்சியோடு கீழே வந்து நின்றான். வரும் வழியில் வீட்டில் இறங்கி, மறந்த டிபன் பாக்ஸையும் எடுத்து வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் டப்பாவைத் திறந்து பார்த்தான். மஞ்சளாக, நிலக்கடலையோடு, சாதம் அப்படியே இருந்தது.

“இது மேடை மேலதானே இருந்துச்சு கோதை?”

“ஆமாங்க.”

“அப்ப நம்ம வீடு உனக்கு வீடு இல்லையா?”

அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டப்பாவை மூடிப் பின் சீட்டில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் அவன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே அவள் பக்கம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். “குடி. அழணும்னா தெம்பு வேணும்ல” என்றான். கோபத்திலும் இப்படி ஒருத்தன் இருப்பானா என்று அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சாவு வீட்டுக்குப் போகிற பெண் சத்தமில்லாமல் போய் நிற்கக்கூடாது. தெருமுனையிலேயே ஆரம்பிக்கவேண்டும், அதுவும் பெற்ற மகள் என்றால் கேட்கவே வேண்டாம். முடிச்சுப் போட்ட கூந்தலை அவிழ்த்துக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, பெற்றவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வீடுவரை வரவேண்டும். வராத வருடங்களுக்கெல்லாம் சேர்த்து அழவேண்டும். போனது அப்பாதான் என்று வழியிலேயே பூங்கோதையின் மனதில் விழுந்துவிட்டிருந்தது. மாரியம்மன் கோயில் முக்கில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். லவுஞ்ச் யூனிஃபார்ம், மார்பில் பெயர்ப் பட்டை, கழுத்தில் ஏர்போர்ட் அடையாள அட்டை. கொண்டையைப் பிடித்து இழுத்தாள், ஊசிகள் தெருவில் சிதறின.

“என்னைப் பெத்த அய்யா! நான் எழுதின கடுதாசியை எல்லாம் திருப்புனீங்களே, இப்ப நான் வந்திருக்கேன், என்னை யாருகிட்ட திருப்பி அனுப்புவீங்க! ஊருக்கெல்லாம் சேதி கொண்டு போனீங்களே, உங்க சேதியை எனக்கு ஒரு தட்டு சொல்ல வேண்டியதாப் போச்சே!”

அழுகைச் சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் வெளியே வந்தார்கள். யார் செத்தது என்று ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் தலைவிரி கோலமாக ஒரு பெண் அழுதுகொண்டு வரும்போது, முதலில் கூட அழுவதும் அப்புறம் யாரென்று கேட்பதும்தான் முறை. மாவுமில் செல்லம்மா வந்து தோளைக் கட்டிக்கொண்டாள். எதிர்வீட்டு சாந்தா மூக்கைச் சிந்தினாள். “நடேசண்ணன் மகடி இது” என்று யாரோ சொல்ல, “அய்யோ நடேசண்ணே!” என்று நாலு குரல் எழுந்தது. அப்படியே பத்துப் பன்னிரண்டு பேராக, மாரடித்துக்கொண்டு, மதியம் ஒரு மணி வெயிலில், அந்த ஊர்வலம் நடேசன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

நடேசன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பனியனும் வேட்டியும், கையில் கேஸ் புக்.

முன்னால் வந்தவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அழுதார்கள். சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. சாந்தா கடைசியாக நிறுத்தினாள்.

“யாரு செத்தது?” என்று கேட்டார் நடேசன்.

பூங்கோதைக்குப் பொய் சொல்ல வரவில்லை. “நீங்கதான்ப்பா” என்றாள்.

அவர் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். ஆறடி மனிதர், முடியெல்லாம் நரைத்திருந்தது, கால் லேசாகத் தள்ளாடியது. பேசுவதற்கு வாயைத் திறந்தார். உள்ளே இருந்து அம்மா தங்கம் ஓடிவந்து, மகளைப் பார்த்து, அவிழ்ந்த தலையைப் பார்த்து, தெருவில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, நடந்ததை அந்த ஒரு பார்வையிலேயே வாங்கிக்கொண்டாள்.

“அவரு உனக்குத் தலை முழுகினாரு, நீ அவருக்கு மாரடிச்சு அழுதாச்சு” என்றாள். “ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. செத்தவங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க, வெயில் மண்டையைப் பொளக்குது.”

தெருவில் யாரோ சிரித்தார்கள். பூங்கோதை அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்; அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

“போன் பண்ணேனேம்மா. எடுக்கலியே.”

“அவரு காலைலேர்ந்து கேஸ் ஆபீஸ்ல நின்னுட்டு இப்பதான் வந்தாரு, போனை ஆணியில மாட்டிட்டுப் போயிட்டாரு. அது அடிச்சா நான் தொட மாட்டேன். விடியக்காலம் அஞ்சு மணிக்குக் காப்பி வைக்கறப்பவே கேஸ் தீந்து போச்சுடி. நேத்துச் சோத்தை மாட்டுக்குக் கொட்டிட்டேன். சிலிண்டர் நாளைக்குத்தான் வருமாம். இவரு கடைச் சாப்பாடு தொடமாட்டாரு. ரெண்டு பேரும் பச்சைத் தண்ணியிலதான் இருக்கோம்.”

அடுப்பு எரியவில்லை. அவ்வளவுதான். பூங்கோதை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தட்டு துறையூர் வரைக்கும் வந்து, இந்த அடுப்படியைத் தேடிப் பார்த்து, ஒன்றுமில்லாமல் திரும்பியிருக்கிறது என்று நினைத்தாள். அது அப்படித்தானா, இல்லை வேதாசலத்தின் தட்டு மாதிரி எங்கேயும் போகாமலே காலியாக இருந்ததா என்று உடனே இன்னொரு நினைப்பும் வந்தது. இதை யாரிடம் கேட்பது?

நடேசன் சுவரைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரைக்காரர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர். விரல்கள் நடுங்கின, நெற்றியில் வியர்த்தது. தங்கம் சர்க்கரை டப்பாவைத் தேடி உள்ளே ஓடினாள். அதற்குள் வண்டியோரம் ஒதுங்கி நின்றிருந்த சகாயராஜ், பின் சீட்டிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பத்து வருடமாக ஏறாத அந்தப் படியில் ஏறி, மூடியைத் திறந்து நீட்டினான்.

நடேசன் அவனைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்பெரியாத வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிற சோற்றை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. அவர் படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் பாதியைச் சாப்பிட்டார். மீதியைத் தங்கத்திடம் கொடுத்தார். கை நடுக்கம் மெல்ல நின்றது.

“இது யாரு செஞ்சது?” என்றார்.

“நான்தான்ப்பா. எங்க வீட்டுல.”

“புளிப்பு தூக்கலா இருக்கு” என்றார். பிறகு தொண்டையைச் செருமி, பத்து வருடத்தில் முதல்முறையாக மருமகனிடம் பேசினார்.

“தம்பி, உங்க வண்டி டிக்கியில சிலிண்டர் நிக்குமா?”

“ரெண்டு நிக்கும் மாமா” என்றான் சகாயராஜ்.

ஆண்கள் இருவரும் பெருமாள்பாளையத்தில் இருக்கிற ஒரு நண்பர் வீட்டுக்குச் சிலிண்டர் கடன் வாங்கக் கிளம்பினார்கள். போகும்போது ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் உட்கார்ந்து போனார்கள், வரும்போது இருவருமே முன்னால் இருந்தார்கள். வழியில் என்ன பேசினார்கள் என்று சகாயராஜ் சொல்லவே இல்லை. ஆனால் அவன் பூங்கோதையின் காதருகே குனிந்து, “தட்டு மேல எனக்கு இனிமே கோவம் இல்ல” என்று மட்டும் சொன்னான்.

தங்கம் குழாயை மாட்டி, லைட்டரை இரண்டு தரம் சொடுக்கினாள். அடுப்பு நீலமாகப் பற்றியது. அரிசி களைந்தாள், கத்திரிக்காய் அரிந்தாள், புளியைக் கரைத்தாள். யாரும் கூடத்துக்குப் போகவில்லை, எல்லாரும் அடுப்படியிலேயே நின்றார்கள். கல்யாணத்துக்கு முந்தி பூங்கோதை சாப்பிட்ட தட்டு, விளிம்பு நெளிந்த எவர்சில்வர் தட்டு, பரண் மேல் இருந்து கீழே வந்தது. அதைக் கழுவவேண்டிய அவசியமில்லை, தூசியே இல்லை. எப்போது கடைசியாகக் கழுவினாய் என்று அவள் அம்மாவிடம் கேட்கவில்லை. நடேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மாப்பிள்ளைக்கும் ஒரு தட்டு வை” என்றார் திரும்பாமலே.

தங்கம் சோற்றைப் போட்டு, புளிக்குழம்பை ஊற்றி, நெருப்பில் சுட்ட அப்பளத்தை ஓரத்தில் வைத்து, தட்டை மகள் முன்னால் நகர்த்தினாள். ஆவி பறந்தது. பூங்கோதை கை கழுவிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆறு மாதமாக அடுத்தவர்கள் தட்டைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம், அவளால் உடனே கைவைக்க முடியவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, தட்டையே பார்த்தபடி ஒரு மூச்சு விட்டாள்.

“என்னடி பாக்கற? சாப்புடு.”

“இரும்மா” என்று சொல்லி, இன்னொரு மூச்சும் காத்திருந்தாள்.

அது மாறவில்லை.